அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய்: இணைத்துத் தைக்கும் ஆபரேஷனா, நிரந்தரப் பையா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

கொல்லிச்சாரல்:

வணக்கம். நாங்கள் நாமக்கல் பக்கம். அப்பாவுக்கு 61 வயது, லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். போன ஆடி மாசத்திலிருந்தே மலத்தில் ரத்தம் போயிருக்கிறது, வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று அவராகவே முடிவு செய்து, மூலம் பௌத்திரம் என்று போர்டு போட்ட ஓர் இடத்தில் ஏழு மாசம் மருந்து வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். அங்கே ஒரு தடவைகூட விரல் விட்டுப் பரிசோதிக்கவில்லை. எடை எட்டு கிலோ குறைந்த பிறகுதான் அம்மா எனக்குப் போன் செய்து அழுதார்.

கொலோனோஸ்கோப்பி செய்ததில் ஆசனவாய் விளிம்பிலிருந்து 4 செ.மீ. உள்ளே கட்டி. மூன்றாம் நிலை என்றார்கள், ஈரலுக்கும் நுரையீரலுக்கும் பரவவில்லை. 28 நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கூடவே கேப்சிடாபின் என்ற கீமோ மாத்திரை. அது முடிந்து இப்போது ஏழு வாரம். மறுபடி எம்.ஆர்.ஐ. எடுத்ததில் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது, ஆனால் முழுசாகப் போகவில்லை.

இப்போது குழப்பம் இதுதான். முதலில் பார்த்த சர்ஜன், ரொம்பக் கீழே வெட்டி இணைத்துத் தைத்துவிடலாம், கொஞ்ச நாளைக்கு மட்டும் வயிற்று வழியாக மலம் வந்து சேர ஒரு தற்காலிகப் பை, அப்புறம் அதை மூடிவிடலாம் என்கிறார். இரண்டாவதாகப் பார்த்தவர், மலத்தை அடக்குகிற வளையத் தசையை ஒட்டியே கட்டி நிற்பதால் ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு நிரந்தரமாகப் பை வைப்பதுதான் நல்லது என்கிறார். இரண்டு பேரும் நல்ல டாக்டர்கள், இரண்டு பேரும் பொறுமையாகத்தான் பேசினார்கள்.

அப்பா, "வயித்துல பையைக் கட்டிக்கிட்டு நான் பட்டறைக்குப் போகணுமா? அதுக்கு என்னை இப்படியே விட்டுடுங்க" என்கிறார். சித்தப்பா வேறு, ஆபரேஷனே வேண்டாம், மூலிகை வைத்தியர் ஒருத்தர் இருக்கிறார் என்று தினமும் போன் செய்கிறார். எனக்குத் தூக்கமே இல்லை. இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டவர்கள், பார்த்துக்கொண்டவர்கள், உண்மையில் அப்புறம் எப்படி இருந்தது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். நல்லதை மட்டும் சொல்ல வேண்டாம்.

---

மாடக்குளம் அக்கா:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மூன்று வருஷத்துக்கு முந்தைய என் வீட்டைப் பார்த்த மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரருக்கு அப்போது 52 வயது. ஜவுளிக்கடையில் விற்பனையாளர், நாள் முழுக்க நின்று பேசுகிற வேலை. அவருக்குக் கட்டி 6 செ.மீ.யில் இருந்தது. நாங்கள் டாக்டரிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: பை நிரந்தரமா, தற்காலிகமா? தற்காலிகம் என்று சொன்னதும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். கேட்டிருக்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. நீங்களும் அதே தப்பைச் செய்யக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. நாலாம் நாள் வார்டுக்கு வந்து அரை இட்லி சாப்பிட்டார். ஐந்தாம் நாள் சாயங்காலம் விக்கல் ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. காய்ச்சல் பெரிசாக இல்லை, நூறுகூடத் தாண்டவில்லை, ஆனால் நாடி 120 அடித்தது. வயிறு தவில் மாதிரி இறுகிவிட்டது. ராத்திரி டியூட்டியில் இருந்தவர் கேஸ்தான், நடக்கச் சொல்லுங்கள் என்றார். விடியற்காலையில், வயிற்றுக்குள் சேரும் நீர் வடிய வைத்திருந்த டிரெயின் குழாயில் வந்த தண்ணீர் கலங்கலாகக் காப்பி நிறத்தில் வந்தது, அதைப் பார்த்து ஒரு நர்ஸ் தங்கச்சி உடனே மேலே சொன்னார், சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள், தையல் போட்ட இணைப்பில் லீக். அன்றைக்கே மறுபடி தியேட்டர், வயிற்றைக் கழுவினார்கள். மொத்தம் 23 நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். மேலே ஐலியோஸ்டமிப் பை (சிறுகுடலை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைக்கிற தற்காலிகப் பை) ஏற்கெனவே இருந்ததால் மலம் கீழே இறங்கவில்லை, அதனால்தான் உயிர் தப்பினார் என்று பெரிய டாக்டர் பிறகு சொன்னார். எங்களுக்கு யாருக்கும் வேண்டாமல் இருந்த அந்தப் பைதான்.

அதனால், இணைத்துத் தைப்பது என்று முடிவானால் மூன்றாம் நாளிலிருந்து ஒரு பத்து நாள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். நிற்காத விக்கல், வேகமான நாடி, வயிறு இறுகுவது, மூச்சு வாங்குவது, டிரெயின் நிறம் மாறுவது, அது எதுவுமே இல்லாமல் "எனக்கு என்னமோ சரியில்லை" என்று நோயாளி சொல்வது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் சர்ஜனைக் கூப்பிடச் சொல்லிச் சண்டை போடுங்கள். ரத்தத்தில் சி.ஆர்.பி. (உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டுவது) அளவு நாளுக்கு நாள் இறங்குகிறதா என்றும் கேளுங்கள். இறங்க வேண்டியது ஏறினால் சந்தேகப்பட வேண்டும்.

அப்புறம், மூன்று மாசத்தில் மூடுவது என்பது. லீக் ஆறி, கீமோ முடிந்து, சாயம் விட்டு எக்ஸ்ரே எடுத்து இணைப்பு சரியாக இருக்கிறது என்று உறுதி செய்து மூட எங்களுக்கு எட்டு மாசம் ஆனது. மூடிய அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். அடுத்த வாரமே தெரிந்துவிட்டது, கஷ்டம் இனிமேல்தான் என்று. மலத்தைத் தேக்கி வைக்கிற இடத்தையே எடுத்துவிட்டார்கள், இருக்கிற தசையும் கரண்ட் பட்டு விறைத்துப் போயிருக்கிறது, அப்புறம் எப்படி நிற்கும்? ஒரு நாளைக்குப் பதினாலு, பதினைந்து தடவை. போய்விட்டு வந்து உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் மறுபடி. அவசரம் என்றால் வாசல் வரைகூடத் தாங்காது. காற்றா மலமா என்று பிரித்துத் தெரியாது. கடைக்குப் போக முடியாமல் வேலையை விட்டார். இதற்கு லார்ஸ் என்று ஒரு பேரே இருக்கிறது என்று எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் தெரியும், அதுவரை தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று அவர் கூனிக் குறுகிக் கிடந்தார்.

இப்போது நாலைந்து தடவை என்று குறைந்திருக்கிறது. பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரை, இசப்கோல், இடுப்புத்தளத் தசைக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சி, எல்லாவற்றையும்விட தினமும் காலையில் பின்வழியாக வெதுவெதுப்பான தண்ணீர் ஏற்றிக் கழுவிவிடுவது. அது செய்த பிறகுதான் மத்தியானம் வரைக்கும் வெளியே போக ஆரம்பித்தார். ஒன்றரை வருஷம் ஆனது இந்த இடத்துக்கு வர.

இன்னொன்று, கூச்சப்பட்டு யாரும் எழுத மாட்டார்கள், நான் எழுதுகிறேன். தாம்பத்தியம் முன்பு போல இல்லை. இடுப்புக்குள் போகிற நரம்புகள் அந்தக் குடலை ஒட்டியே போகிறதாம். ஆபரேஷனிலோ கரண்டிலோ அது பழுதாகலாம், சிலருக்குச் சிறுநீர் தானாகப் பிரியாமல் டியூபோடு வீட்டுக்கு வர வேண்டியிருக்கும். இது இரண்டு வகை ஆபரேஷனிலும் வரும். முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எங்களுக்குள் அவ்வளவு மனஸ்தாபம் வந்திருக்காது.

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர் இன்று உயிரோடு இருக்கிறார், பெண்ணுக்குக் கல்யாணம் பண்ணிப் பார்த்தார். ஆனால் "இதுக்குப் பையே இருந்திருக்கலாம்" என்று அவர் வாயால் சொன்ன நாட்களும் உண்டு.

---

பாலாற்றங்கரை:

அக்கா, என் அம்மாவுக்கும் மூடிய பிறகு இதே பிரச்சினைதான். இசப்கோல் மலச்சிக்கலுக்குத்தானே கொடுப்பார்கள்? கொடுத்தால் போவது இன்னும் அதிகமாகாதா?

---

மாடக்குளம் அக்கா:

நானும் அப்படித்தான் பயந்தேன். நிறையத் தண்ணீரோடு குடித்தால் இளக்கும், கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுச் சாப்பிட்டால் அது குடலில் இருக்கிற தண்ணீரை இழுத்துக்கொண்டு மலத்தைக் கெட்டியாக்கும். எங்களுக்கு ஒரு டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் என்று சொன்னார்கள். அம்மாவுக்கு எவ்வளவு என்று அவரைப் பார்க்கிற டாக்டரிடம் கேட்டுக் கொடுங்கள். குடல் அடைப்பு வந்தவராக இருந்தால் கேட்காமல் கொடுக்கவே கூடாது.

---

ரிட்டயர்டு கண்டக்டர், திருவாரூர்:

தம்பி, இதை அப்பாவிடம் படித்துக் காட்டு. அவருக்காகத்தான் எழுதுகிறேன்.

ஐயா, எனக்கு இப்போது 66. ஆசனவாயை எடுத்து, தைத்து மூடி, இடது பக்கம் நிரந்தரப் பை வைத்து ஒன்பது வருஷம் ஆகிறது. பை வைத்த பிறகு ஐந்து மாசத்தில் டூட்டிக்குத் திரும்பி, ஓய்வு பெறும் வரை வண்டியில் நின்றே டிக்கெட் கிழித்தவன் நான். பையோடு பட்டறைக்குப் போக முடியுமா என்கிறீர்கள். நான் நூறு பேர் நெருக்கியடிக்கிற டவுன் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாது. டிரைவருக்கு மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

உங்களுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதே பயம் எனக்கும் இருந்தது. நாற்றம் வருமோ, குலதெய்வம் கோயிலுக்குள் போகலாமா, பந்தியில் உட்காரலாமா, பேரப்பிள்ளையை மடியில் வைக்கலாமா. பை சரியாக ஒட்டியிருந்தால் நாற்றம் வெளியே வராது, வந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம், மாற்றிவிட வேண்டியதுதான். கோயிலுக்குப் போகிறேன். எல்லார் வயிற்றுக்குள்ளும் இருப்பதுதானே இது, எனக்குக் கொஞ்சம் வெளியே இருக்கிறது என்று எங்கள் ஊர் குருக்களே சொன்னார்.

எனக்குப் பெரிய விடுதலை தந்தது ஒன்று உண்டு. பெருங்குடலில் வைத்த பைக்குத் தண்ணீர் ஏற்றிக் கழுவும் முறை இருக்கிறது. காலையில் கழிவறையில் உட்கார்ந்து, ஸ்டோமா வாயில், அதாவது வயிற்றில் குடலை வெளியே எடுத்து வைத்த வாயில், கூம்பு மாதிரி ஒன்றை வைத்து, முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரை மெதுவாக ஏற்ற வேண்டும். முக்கால் மணி நேரத்தில் எல்லாம் வந்துவிடும். அதன் பிறகு அடுத்த நாள் காலை வரை எனக்கு ஒன்றும் வராது, சின்ன மூடி ஒன்றுதான் ஒட்டிக்கொள்வேன். எல்லாருக்கும் இது சரிப்படாது, சிறுகுடல் பைக்குச் செய்யவே கூடாது, நர்ஸிடம் கற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும். டாக்டரே சொல்லவில்லை என்றாலும் நீங்களாகக் கேளுங்கள்.

கஷ்டமே இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பின்பக்கத் தையல்தான் என்னை வாட்டியது. கரண்ட் பட்ட சதை லேசில் ஒட்டாது, தையல் பிரிந்து, சீழ் வந்து, தினமும் கட்டுப் போட்டு ஆற மூன்று மாசம் ஆனது. அதுவரை ஒருக்களித்துத்தான் படுக்கை. அதோடு இல்லாத ஆசனவாயில் மலம் வருகிற மாதிரி ஓர் உணர்ச்சி வரும், பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்தேன், அது எல்லாருக்கும் வருவதுதான், போகப் போகக் குறையும் என்றார்கள், குறைந்தது. ஐந்தாம் வருஷம் பை பக்கத்தில் குடல் இறக்கம் வந்து வீங்கியது, பெல்ட் போட்டுச் சமாளிக்கிறேன். நீங்கள் இரும்பு தூக்குகிறவர், அதனால் இந்தக் குடல் இறக்கத்தைப் பற்றி முதலிலேயே கேட்டு வையுங்கள்.

மூலிகை சொல்கிற தம்பி மேல் கோபப்படாதீர்கள், பாசத்தில்தான் சொல்வார். ஆனால் ஏழு மாசத்தை ஏற்கெனவே ஒரு போர்டு பார்த்துத் தொலைத்துவிட்டீர்கள். இன்னொரு ஏழு மாசம் உங்களிடம் இல்லை.

---

ஸ்டோமா நர்ஸ், நெல்லை:

மேலே இரண்டு பேரும் எழுதியது அத்தனையும் நிஜம். நான் வேலை சார்ந்து சில விஷயம் மட்டும்.

எந்த ஆபரேஷன் என்றாலும் அதற்கு முந்தின நாளே வயிற்றில் பை வரும் இடத்தைப் பேனாவால் குறிக்கச் சொல்லுங்கள். படுக்க வைத்து மட்டும் குறிக்கக் கூடாது. உட்கார வைத்து, நிற்க வைத்து, குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படுத்திருக்கும்போது தெரியாத மடிப்பு உட்கார்ந்தால் வரும், மடிப்பில் ஸ்டோமா விழுந்தால் பை ஆயுசுக்கும் ஒட்டாது. அப்பா வேட்டி கட்டுகிறவரா, பேன்ட்டா, பெல்ட் எங்கே வருகிறது, இதெல்லாம் சொல்லுங்கள். பெண்கள் என்றால் பாவாடை நாடா எங்கே வருகிறது என்று நாங்கள் பார்ப்போம். அவராகக் குனிந்தால் கண்ணில் படுகிற இடமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காலத்துக்கும் அம்மாதான் மாற்ற வேண்டியிருக்கும்.

ஸ்டோமா கன்னத்தின் உட்புறம் மாதிரிச் சிவப்பாக, ஈரமாக இருக்கும். தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது லேசாக ரத்தம் வருவது சகஜம். கறுத்தால், ஊதா நிறமானால் உடனே சொல்ல வேண்டும். முதல் ஆறு, எட்டு வாரத்தில் அது சுருங்கும், அதனால் பையில் வெட்டும் ஓட்டையை அவ்வப்போது அளந்து சின்னதாக்க வேண்டும், சுற்றி 2, 3 மி.மீ. இடம் விட்டால் போதும். பெரிசாக வெட்டினால் தோல் வெந்துபோகும். தோலில் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், எத்தனையோ வீட்டில் புண்ணுக்கு நல்லது என்று தடவிவிட்டு, பை ஒட்டவில்லை என்று ஓடி வருகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்ய வேண்டும், கனம் ஏறினால் பை தானாகப் பிரியும்.

தற்காலிக ஐலியோஸ்டமி என்றால் நான் அதிகம் பயப்படுவது நீர் வற்றுவதற்குத்தான். பெருங்குடல் உறிஞ்ச வேண்டிய தண்ணீரும் உப்பும் பையில் போய்விடும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் ஆபத்து, சிறுநீரகம் பழுதாகித் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அளந்து நோட்டில் எழுதுங்கள். தாகமாக இருக்கிறதே என்று வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் இன்னும் அதிகமாகத்தான் போகும். ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி, மோர், இவை நல்லது. சிறுநீர் அடர் மஞ்சளாகி, தலை சுற்றி, காலில் சதை பிடித்தால் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். நாமக்கல் வெயிலில் பட்டறைத் தகரத்துக்கு அடியில் நிற்கிறவருக்கு இது முக்கியம்.

முதல் ஆறு வாரம் வாழைத்தண்டு, முருங்கைக்காய், பலாப்பழம், தேங்காய்த் துருவல், வேர்க்கடலை வேண்டாம். வீங்கிய குடல் வாயில் நார் சிக்கி அடைப்பு வரும். அதன் பிறகு ஒவ்வொன்றாக, நன்றாக மென்று.

இன்னும் ஒன்று. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் கிளினிக்கில் 1958 முதல் ஸ்டோமா நோயாளிகளைப் பார்த்துக்கொண்ட நார்மா கில் என்ற அம்மா நர்ஸ் படிப்பு படித்தவரே இல்லை. டாக்டர் டர்ன்புல்லிடம் ஆபரேஷன் செய்துகொண்டு, தானே பையோடு வாழ்ந்தவர். எங்கள் துறையே அவரிடமிருந்து வந்ததுதான். அதனால் திருவாரூர் ஐயா மாதிரி ஒருவரை அப்பா நேரில் பார்த்துப் பேசினால், நான் பத்து நாள் பேசுவதைவிட அதிகம் நடக்கும்.

---

குடல்நோய் சர்ஜன்:

ஸ்கேன் பார்க்காமல் எது சரி என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் இரண்டு டாக்டர்கள் ஏன் வேறு வேறு சொல்கிறார்கள் என்று புரிந்தால் உங்களுக்குக் குழப்பம் குறையும்.

நிரந்தரப் பை வைக்கும் ஆபரேஷனை 1908இல் லண்டனில் மைல்ஸ் என்பவர் விவரித்து எழுதினார். அதற்கு முன் கீழ்ப்பக்கமாகக் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் அநேகமாக எல்லாருக்கும் நோய் திரும்பியது. வெகுகாலம் மலக்குடல் புற்று என்றாலே பைதான். பிறகு, 1982இல் இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்ற ஊரில் ஹீல்ட் என்ற சர்ஜன், குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையைக் கிழிக்காமல், ரத்தம் வராத ஒரு தளத்தில் கண்ணால் பார்த்துப் பிரித்து, உறையோடு முழுசாக எடுக்க வேண்டும் என்று எழுதினார். நிணநீர் முடிச்சுகள் அந்த உறைக்குள்தான் இருக்கின்றன. அது பரவிய பிறகு இடுப்புக்குள் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது, ரொம்பக் கீழே உள்ள கட்டியையும் இணைத்துத் தைக்கத் துணிவு வந்தது, குடலை இணைக்கிற ஸ்டேப்ளர் கருவியும் கைகொடுத்தது. நரம்புகளும் அந்தத் தளத்துக்கு வெளியேதான் போகின்றன, அதனால் தளம் தவறினால் நோயும் மிஞ்சும், மாடக்குளம் அக்கா சொன்ன பழுதும் வரும்.

ஆக முதலில் பார்க்க வேண்டியது பை அல்ல. கட்டியைச் சுற்றி நல்ல சதை விளிம்போடு வெளியே எடுக்க முடியுமா என்பதுதான். வளையத் தசைக்குள்ளேயோ இடுப்புத்தளத் தசைக்குள்ளேயோ கட்டி புகுந்திருந்தால், அதைக் காப்பாற்றப் போய் புற்றை மிச்சம் வைப்பது பெரிய தவறு. "புதிய எம்.ஆர்.ஐ.யில் கட்டிக்கும் வளையத் தசைக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா?" என்று இரண்டு டாக்டர்களிடமும் நேராகக் கேளுங்கள். அநேகமாகக் கருத்து வேறுபாடு அங்கேதான் இருக்கும். இரண்டு பேரும் கரண்டுக்குப் பிறகு எடுத்த ஸ்கேனைத்தான் பார்த்தார்களா என்பதையும் உறுதி செய்யுங்கள்.

இடைவெளி இருக்கிறது என்றால் அடுத்தது, அந்தத் தசை இப்போது எவ்வளவு வேலை செய்கிறது? அப்பாவுக்கு ஏற்கெனவே கசிகிறதா, அடக்க முடிகிறதா? இப்போதே முடியவில்லை என்றால் தைத்த பிறகு நன்றாக ஆகாது. டென்மார்க்கில் 2012இல் இதற்காக ஐந்து கேள்வி கொண்ட ஒரு மதிப்பெண் முறை கொண்டுவந்தார்கள், 42க்கு 30 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான லார்ஸ். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் இணைத்துத் தைத்தவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்கு அந்தக் கடுமையான பிரிவில் வருகிறார்கள். இணைப்பு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வாய்ப்பு கூடும், கரண்ட் வைத்திருந்தாலும் கூடும். அப்பாவுக்கு இரண்டும் உண்டு.

லீக் பற்றி அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். மேலே பை வைத்தாலும் லீக் வரலாம், அவர் வீட்டிலேயே வந்தது. ஆனால் குறைகிறது. சுவீடனில் 234 பேரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், தற்காலிகப் பை வைத்தவர்களில் 10 சதவீதம் பேருக்கும் வைக்காதவர்களில் 28 சதவீதம் பேருக்கும் லீக் தெரிந்தது. ஆண்களுக்கு இடுப்பெலும்பு குறுகலாக இருப்பதால் வாய்ப்பு கூடுதல். சர்க்கரை, புகை, சத்துக் குறைவு இவையும் சேரும். எட்டு கிலோ இறங்கியிருக்கிறார் அல்லவா, ஆபரேஷன் வரை முட்டை, பருப்பு, பால் என்று புரதம் ஏற்றுங்கள், பீடி சிகரெட் இருந்தால் இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள்.

கட்டி முழுசாக மறைந்துவிட்டால் ஆபரேஷன் இல்லாமல் கண்காணிப்பது என்று ஒரு வழி உண்டு. சாவ் பாவ்லோவில் அஞ்சலிதா ஹாபர்-காமா என்ற பெண் சர்ஜன் 2004இல் எழுதியது, பலரும் முதலில் எதிர்த்தார்கள், இன்று உலகம் முழுக்கச் செய்கிறார்கள். ஆனால் அப்படிக் கண்காணித்தவர்களிலும் நாலில் ஒருவருக்கு இரண்டு வருஷத்துக்குள் அதே இடத்தில் திரும்பியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு இன்னும் கட்டி மிச்சம் இருப்பதாகச் சொல்கிறீர்கள், அதனால் இப்போதைக்கு இது பொருந்தாது. தேதியைத் தள்ளிக்கொண்டே போகாதீர்கள்.

---

கொல்லிச்சாரல்:

எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, அலைச்சலில் எழுத முடியவில்லை.

டாக்டர் சொன்ன கேள்வியை இரண்டு பேரிடமும் கேட்டேன். முதல் சர்ஜன் பார்த்தது கரண்டுக்கு முந்தைய ஸ்கேனும் புதிய ஸ்கேனின் ரிப்போர்ட் தாளும்தான், படத்தை அவர் பார்க்கவில்லை. புதிய ஸ்கேன் படம் இருந்த டிஸ்க்கைக் கொண்டுபோய்ப் போட்டதும் அவரே கூட வேலை செய்யும் ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டு அரை மணி நேரம் பார்த்துவிட்டு, வலது பக்கம் கட்டி தசையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, இடைவெளி இல்லை, நானும் இப்போது பைதான் சொல்வேன் என்றார். மழுப்பாமல் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து மாடக்குளம் அக்கா எழுதியதையும் கண்டக்டர் ஐயா எழுதியதையும் முழுசாகப் படித்துக் காட்டினேன். அக்கா எழுதியதைப் படிக்கும்போது ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "இப்பவே நான் ஒரு மாசமா பட்டறையில ரெண்டு லுங்கி கூடுதலா வச்சிருக்கேன், உங்கம்மாவுக்குத் தெரியாது" என்றார். எனக்கும் அப்போதுதான் தெரியும். அதை அடுத்த நாள் டாக்டரிடம் அவரே சொன்னார். மூன்றாம் நாள் கண்டக்டர் ஐயாவோடு தனிச்செய்தியில் பேசி, போன் போட்டுக் கொடுத்தேன். நான் வெளியே போய்விட்டேன், உள்ளே ஒரு மணி நேரம் பேச்சு. சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. சித்தப்பா போன் செய்தபோது அப்பாவே எடுத்து, "வேண்டாம்ப்பா, தேதி குறிச்சாச்சு" என்றார்.

வருகிற புதன்கிழமை ஆபரேஷன். செவ்வாய் சாயங்காலம் இடம் குறிக்க நர்ஸ் வருகிறார், வேட்டியும் பேன்ட்டும் இரண்டையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். பின்பக்கப் புண்ணுக்கும் நரம்புக்கும் சிறுநீருக்கும் என்னென்ன ஆகலாம் என்று அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்து டாக்டர் விளக்கினார்.

கண்டக்டர் ஐயா, அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். வெல்டிங் வைக்கும்போது குனிந்தே வேலை, நெருப்புப் பொறி வேறு தெறிக்கும். பைக்கு மேலே என்ன போடுவது?

---

ரிட்டயர்டு கண்டக்டர், திருவாரூர்:

தோல் ஏப்ரன் இருக்கிறதில்லையா, அதையே போடச் சொல். பை மேல் அழுத்தாத மாதிரி வாரை இடுப்பில் கட்டாமல் தோளில் மாட்டிக்கொள்ளட்டும். அதற்கு உள்ளே பருத்திப் பனியன் நீளமாக. முதல் மூன்று மாசம் வெல்டிங் பக்கமே போக வேண்டாம், நாற்காலி போட்டு உட்கார்ந்து பையன்களை வேலை வாங்கட்டும், அதுவும் புண் ஆறி உட்கார முடிந்த பிறகு. செவ்வாய்க்கிழமை குறித்து முடித்ததும் எனக்குப் போன் பண்ணச் சொல்.